மனு எழுதத் தெரிந்த போலீஸ்

ஒருவர் தன்னையோ பிறரையோ சுட்டுவிடக்கூடும் என்ற அறிகுறிகள் வெளிப்படையாகத் தெரியும்போது, அவர் கையில் இருக்கும் துப்பாக்கிகளை நீதிமன்ற உத்தரவின் பேரில் தற்காலிகமாக வாங்கி வைக்க வழிசெய்யும் சட்டங்களை அமெரிக்காவில் சிவப்புக் கொடிச் சட்டங்கள் என்று அழைக்கிறார்கள். சட்டப் புத்தகங்களில் அவற்றுக்கு மாநிலத்துக்கு ஒரு பெயர் உண்டு. பெரும்பாலான மாநிலங்களில் அது ‘அதீத ஆபத்துத் தடுப்பு ஆணை’. கலிஃபோர்னியாவில் ‘துப்பாக்கி வன்முறைத் தடை ஆணை’. ஃபுளோரிடாவில் ‘ஆபத்துத் தடுப்பு ஆணை’. ஐம்பது மாநிலங்களில் இருபதுக்கும் மேற்பட்டவற்றிலும் தலைநகர் வாஷிங்டனிலும் இப்படி ஒரு சட்டம் இருக்கிறது.

நடைமுறை எல்லா இடங்களிலும் ஏறக்குறைய ஒன்றுதான். போலீசாரோ குடும்பத்தினரோ நீதிபதியிடம் மனுக் கொடுக்கிறார்கள். ஆபத்து உடனடியானது என்று நீதிபதி கருதினால், எதிர்த்தரப்பைக் கேட்காமலேயே ஓர் இடைக்கால ஆணை பிறப்பிக்கிறார். பல மாநிலங்களில் இரண்டு வாரத்துக்குள் முழு விசாரணை நடந்தாக வேண்டும். அதில் சம்பந்தப்பட்டவர் வந்து தன் தரப்பைச் சொல்லலாம், வழக்கறிஞரை வைத்துக்கொள்ளலாம். ஆபத்து நிரூபணமானால் ஆணை வழக்கமாக ஓராண்டு வரை நீடிக்கும். கலிஃபோர்னியாவில் ஐந்தாண்டு வரைகூட விதிக்கலாம். அந்தக் காலத்தில் அவர் புதிதாகத் துப்பாக்கி வாங்கக் கடைக்குப் போனாலும் பின்னணிச் சோதனையில் பெயர் வந்து நிற்கும். இது உரிமையியல் நடவடிக்கை. ஆணை வந்துவிட்டது என்பதால் யாரும் குற்றவாளி ஆவதில்லை, சிறைக்கும் போவதில்லை. ஆணையை மீறினால்தான் குற்ற வழக்கு.

இவ்வளவு தெளிவான ஏற்பாட்டில் ஒரே ஒரு சிக்கல். யாராவது மனு எழுதினால்தான் அது நகரும். சில மாநிலங்களில் போலீசார் மட்டுமே மனுக் கொடுக்க முடியும். குடும்பத்தினருக்கு உரிமை தந்த மாநிலங்களிலும் பெரும்பாலான மனுக்கள் போலீசார் கையிலிருந்துதான் வருகின்றன. ஆகவே நள்ளிரவில் ஒரு வீட்டு வாசலில் போய் நிற்கும் காவலருக்கு இப்படி ஒரு சட்டம் இருப்பது தெரியுமா, தெரிந்தாலும் மனு எழுதிப் பழக்கம் உண்டா என்பதில்தான் ஓர் உயிர் தங்கியிருக்கிறது. கால் நூற்றாண்டு அமெரிக்க அனுபவம் இதைத் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கிறது. சட்டம் இயற்றுவதில் காட்டிய வேகத்தை அதைக் கையாளப் போகிறவர்களுக்குக் கற்றுக்கொடுப்பதில் பல மாநிலங்கள் காட்டவில்லை. அதற்கு மக்கள் கொடுத்த விலை மிக அதிகம்.

தொடக்கம் கனெக்டிகட்டில்

1998 மார்ச்சில் கனெக்டிகட் மாநில லாட்டரித் தலைமையகத்தில் ஓர் ஊழியர் தன் மேலதிகாரிகள் நான்கு பேரைச் சுட்டுக் கொன்று தற்கொலை செய்துகொண்டார். அடுத்த ஆண்டே அம்மாநிலம் நாட்டின் முதல் சிவப்புக் கொடிச் சட்டத்தை இயற்றியது. மனுவை இரண்டு போலீஸ் அதிகாரிகள் சேர்ந்தோ அரசு வழக்கறிஞரோதான் கொடுக்க முடியும் என்று அது வரையறுத்தது. முதல் சில ஆண்டுகள் அது அரிதாகவே பயன்பட்டது. 2007இல் வெர்ஜீனியா டெக் பல்கலைக்கழகத்தில் நடந்த துப்பாக்கிச் சூட்டுக்குப் பிறகுதான் கனெக்டிகட் போலீசார் அதை அடிக்கடி எடுக்கத் தொடங்கினார்கள். சட்டத்தில் ஒரு வரிகூட மாறவில்லை, எடுத்துப் பயன்படுத்தும் எண்ணம்தான் புதிதாக வந்தது.

இரண்டாவது சட்டம் ஒரு போலீஸ்காரரின் மரணத்தில் பிறந்தது. 2004 ஆகஸ்டில் இண்டியானாபோலிஸ் நகரக் காவலர் டிமத்தி ‘ஜேக்’ லெயர்ட் பணியின்போது சுட்டுக் கொல்லப்பட்டார். சுட்டவரின் துப்பாக்கிகளை அந்த ஆண்டின் தொடக்கத்திலேயே, அவருடைய மனநிலை குறித்த கவலையால் போலீசார் எடுத்து வைத்திருந்தார்கள். தொடர்ந்து வைத்திருக்கச் சட்டத்தில் இடமில்லாததால் திருப்பிக் கொடுக்க நேர்ந்தது. 2005இல் இண்டியானா இயற்றிய சட்டத்தை இன்றும் லெயர்டின் பெயரால்தான் அழைக்கிறார்கள். அவசர நேரத்தில் போலீசார் முன்கூட்டிய ஆணை இல்லாமலே துப்பாக்கியை எடுத்துக்கொண்டு, பிறகு நீதிமன்றத்தில் அதை நியாயப்படுத்த அது வழிவிடுகிறது.

கலிஃபோர்னியாவில் சட்டம் வரக் காரணமான நிகழ்ச்சியே பயிற்சியின் தேவையையும் சொல்கிறது. 2014 ஏப்ரல் இறுதியில், மகனைப் பற்றிப் பெற்றோர் கொண்டிருந்த கவலையின் பேரில் ஷெரீப் அலுவலகக் காவலர்கள் ஐலா விஸ்டாவில் ஓர் இளைஞரின் வீட்டுக்குப் போனார்கள். அவர் பணிவாகப் பேசினார். வந்தவர்கள் திரும்பிவிட்டார்கள். அவர் பெயரில் துப்பாக்கி பதிவாகியிருக்கிறதா என்று யாரும் தேடிப் பார்க்கவில்லை. இருந்தது. மே 23 அன்று அவர் ஆறு பேரைக் கொன்றார். மூவரைக் கத்தியாலும் மூவரைத் துப்பாக்கியாலும். அன்று காவலர்கள் அறையைச் சோதித்திருந்தால் எல்லாம் முடிந்திருக்கும் என்று அவரே எழுதி வைத்திருந்தார். அந்த ஆண்டே நிறைவேறிய கலிஃபோர்னியச் சட்டம் 2016 ஜனவரி 1 அன்று நடைமுறைக்கு வந்தது. இப்படி ஒரு வீட்டுக்குப் புறப்படும் முன் துப்பாக்கிப் பதிவேட்டைப் பார்க்கும் வழக்கத்தை உருவாக்கவும் அங்கே சட்டம் இயற்ற வேண்டியிருந்தது.

2018 பிப்ரவரியில் ஃபுளோரிடாவின் பார்க்லாண்ட் பள்ளியில் 17 பேர் கொல்லப்பட்ட பிறகு சட்டங்கள் அடுத்தடுத்து வந்தன. துப்பாக்கி உரிமையைத் தூக்கிப் பிடிக்கும் குடியரசுக் கட்சியின் ஆட்சியில் இருந்த ஃபுளோரிடாவே மூன்று வாரங்களில் சட்டம் இயற்றியது.

சட்டம் இருந்தும் நடந்தவை

இல்லினாயில் சட்டம் 2019 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. அந்த ஆண்டு செப்டம்பரில் ஹைலண்ட் பார்க் நகரில் ஓர் இளைஞர் எல்லோரையும் கொல்லப்போவதாகச் சொன்னார் என்று வீட்டாரிடமிருந்து தகவல் வந்தது. போலீசார் போய் 16 கத்திகளையும் ஒரு குறுவாளையும் ஒரு வாளையும் எடுத்துச் சென்றார்கள். அப்போது அவரிடம் துப்பாக்கி இல்லை, உரிமமும் இல்லை. தடை ஆணைக்கான மனுவும் போடப்படவில்லை. சில மாதங்களில் தந்தையின் ஒப்புதலுடன் உரிமம் கேட்டார், கிடைத்தது. 2022 ஜூலை 4 சுதந்திர தின ஊர்வலத்தில் அவர் சுட்டதில் ஏழு பேர் இறந்தார்கள். கையில் துப்பாக்கி இல்லாதவர் நாளை வாங்காமல் தடுக்கவும் இந்த ஆணை பயன்படும் என்பது, பயிற்சி இல்லாத காவலரின் மனத்தில் எளிதில் தோன்றாத ஒன்று. சிவப்புக் கொடிச் சட்டம் என்றால் துப்பாக்கியைப் பறிக்கும் சட்டம் என்றே பலர் நினைக்கிறார்கள். வாங்கவிடாமல் தடுப்பது அதன் சரிபாதி வேலை.

நியூயார்க்கில் 2021 ஜூனில், படிப்பு முடிந்ததும் என்ன செய்யப் போகிறாய் என்ற பள்ளிக் கேள்விக்கு ஒரு மாணவர் கொலை, தற்கொலை என்று பதில் எழுதினார். மாநிலப் போலீசார் அவரை மனநலப் பரிசோதனைக்கு அழைத்துச் சென்றார்கள். பரிசோதனை முடிந்து வீட்டுக்கு அனுப்பப்பட்டார். பள்ளித் தலைமையாசிரியரே மனுக் கொடுக்கலாம் என்று 2019லேயே விதி செய்திருந்த மாநிலம் அது. போலீசாரும் கொடுக்கவில்லை, பள்ளியும் கொடுக்கவில்லை. 2022 மே 14 அன்று அதே இளைஞர், சட்டப்படி வாங்கிய ரைஃபிளுடன் பஃபலோ நகரின் ஒரு பலசரக்கு அங்காடிக்குள் புகுந்து கறுப்பினத்தவர் பத்துப் பேரைக் கொன்றார்.

இண்டியானாவின் கதை வேறு வகை. 2020 மார்ச்சில் ஒரு தாய், தன் மகன் போலீசாரை வலிய இழுத்துத் தன்னைச் சுடவைக்கப் பார்க்கிறான் என்று தகவல் கொடுத்தார். போலீசார் விரைந்து போய் அவரிடமிருந்த துப்பாக்கியை எடுத்துக்கொண்டார்கள். அது திரும்ப வேண்டாம் என்று குடும்பமும் சொல்லிவிட்டது. ஆனால் நீதிமன்றத்தில் வழக்குத் தொடுப்பது அரசு வழக்கறிஞர் அலுவலகத்தின் கையில் இருந்தது. குறுகிய கெடுவுக்குள் ஆதாரம் திரட்ட முடியாது, தோற்றால் துப்பாக்கியைத் திருப்பித் தர வேண்டிவரும் என்று அது தொடுக்கவில்லை. ஆணை இல்லாததால் அவர் பெயர் பின்னணிச் சோதனையில் ஏறவில்லை. அந்த ஆண்டே கடையில் இரண்டு ரைஃபிள்கள் வாங்கினார். 2021 ஏப்ரலில் இண்டியானாபோலிஸ் ஃபெடெக்ஸ் கிடங்கில் அவர் சுட்டதில் எட்டுப் பேர் உயிரிழந்தார்கள். போலீசாருக்கு மட்டும் பயிற்சி தந்தால் போதாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை. தாய் தன் கடமையைச் செய்தார், வாசலுக்கு வந்த காவலர்களும் செய்தார்கள். சங்கிலி அறுந்தது அடுத்த மேசையில்.

பஃபலோ நிகழ்ச்சி முடிந்த நான்காம் நாளே நியூயார்க் ஆளுநர் கேத்தி ஹோக்கல், தகுந்த முகாந்திரம் இருந்தால் மாநிலப் போலீசார் மனுக் கொடுத்தே ஆக வேண்டும் என்று உத்தரவிட்டார். பிறகு அது மற்ற காவல்துறையினருக்கும் மாவட்ட அரசு வழக்கறிஞர்களுக்கும் விரிந்து சட்டமானது. விருப்பம் இருந்தால் செய்யலாம் என்றிருந்தது கட்டாயக் கடமையானதும் அம்மாநிலத்தில் மனுக்கள் பல மடங்கு பெருகின. கட்டாயப்படுத்துவது முரட்டு வழி என்று சிலர் சொல்வார்கள். பயிற்சிக்கு ஆள் வந்து உட்காரவேண்டுமென்றால் இத்தகைய கட்டாயம் வேண்டித்தான் இருக்கிறது.

சான்டியேகோ காட்டிய வழி

கலிஃபோர்னியச் சட்டம் வந்த முதல் ஈராண்டில் அதைப் பயன்படுத்தியவர்கள் மிகச் சிலர். நிலைமையை மாற்றியது சான்டியேகோ நகர வழக்கறிஞர் மாரா எலியட்டின் அலுவலகம். 2017 இறுதியில் அவர் இதற்கென்றே ஒரு குழுவை அமைத்தார். காவலர்கள் தயங்கியதற்குக் காரணம் எளியது. துப்பாக்கிக்காரரைச் சமாளிப்பது அவர்களுக்குத் தெரியும். நீதிமன்றத்தில் மனுதாரராக நின்று, எதிர்த்தரப்பு வழக்கறிஞரின் கேள்விகளுக்குப் பதில் சொல்லி, உரிமையியல் வழக்கு நடத்துவது தெரியாது, அது அவர்கள் வேலையும் அல்ல. எலியட்டின் வழக்கறிஞர்கள் அந்தச் சுமையைத் தாங்கள் எடுத்துக்கொண்டார்கள். காவலர் சம்பவ அறிக்கையைக் கொடுத்தால் போதும், மனுவைத் தயாரிப்பதும் விசாரணையில் வாதிடுவதும் வழக்கறிஞர்கள் பொறுப்பு. எந்தச் சம்பவம் ஆணைக்கு உரியது என்று ரோந்துக் காவலர்களுக்கும் துப்பறிவாளர்களுக்கும் வகுப்பெடுத்தார்கள். சில ஆண்டுகளில் நூற்றுக்கணக்கான ஆணைகள் பெறப்பட்டன. சான்டியேகோவைவிடப் பல மடங்கு மக்கள்தொகை கொண்ட இடங்கள் பின்தங்கி நின்றன. பிறகு மாநில அரசே நிதி கொடுத்து மற்ற நகரங்களுக்கும் பயிற்சி தரச் சொன்னது.

வாஷிங்டன் மாநிலத்தின் கிங் கவுன்டியில் போலீசாரும் அரசு வழக்கறிஞர்களும் ஒரே பிரிவாகச் சேர்ந்து பணிபுரிகிறார்கள். ஃபுளோரிடாவில் மனுக் கொடுக்கும் உரிமை போலீசாருக்கு மட்டுமே என்பதால் பினெல்லஸ், போல்க் போன்ற கவுன்டிகளின் ஷெரீப்புகள் தனிக் குழுவே வைத்திருக்கிறார்கள். ஃபுளோரிடாவில் ஆணைகளின் எண்ணிக்கை ஆயிரக்கணக்கில் ஏறியது இதனால்தான். மேரிலாண்டின் மான்ட்கோமரி கவுன்டியில் ஷெரீப் டேரன் பாப்கின் சட்டம் நடைமுறைக்கு வரும்போதே தன் துறைக்கும் பிற மாவட்டங்களுக்கும் பயிற்சி கொடுக்க முன்வந்தார். எண்ணிக்கை கூடிய இடங்களிலெல்லாம் இப்படி முழுநேரமாக இதைச் சுமந்த ஓர் அலுவலகத்தைக் காணலாம்.

வகுப்பறையில் கற்பிப்பது

பயிற்சியின் முதல் பாடம், எதை ஆபத்து என்று எடுத்துக்கொள்வது. மனநோய் இருக்கிறது என்பது ஆணைக்குக் காரணம் ஆகாது. மனநோய் உள்ளவர்களில் பெரும்பாலோர் யாருக்கும் தீங்கு செய்வதில்லை. நீதிபதி பார்ப்பது நடத்தையை. அண்மையில் விடுத்த மிரட்டல், தற்கொலைப் பேச்சு, குடும்ப வன்முறை, விலங்குகளைத் துன்புறுத்தியது, குடிப்பழக்கம் முற்றியது, திடீரென்று துப்பாக்கியும் தோட்டாவும் வாங்கிக் குவித்தது. காவலர் இவற்றைத் தேதியோடும் சொன்னவரின் சொந்த வார்த்தைகளோடும் எழுதக் கற்க வேண்டும். ‘ஆபத்தானவர்போல் தெரிகிறார்’ என்ற வரியில் எந்த நீதிபதியும் கையெழுத்திட மாட்டார், இடவும் கூடாது.

இரண்டாவது பாடம் உயிரோடு நேரடியாகத் தொடர்புடையது. துப்பாக்கி வைத்திருக்கும், ஏற்கெனவே நிலைகுலைந்த ஒருவர் வீட்டுக்குப் போய், அதைக் கொடு என்று கேட்க வேண்டும். மேரிலாண்டில் சட்டம் நடைமுறைக்கு வந்தது 2018 அக்டோபர் 1 அன்று. அடுத்த மாதமே, ஆன் அருண்டல் கவுன்டியில் விடியற்காலையில் ஆணையைக் கொடுக்கப் போன காவலர்களுக்கும் வீட்டுக்காரருக்கும் இடையில் துப்பாக்கியைக் குறித்து இழுபறி நடந்தது. அது வெடித்தது. காவலர்கள் சுட்டதில் அவர் இறந்தார். உயிர்காக்கப் பிறப்பித்த ஆணை ஓர் உயிரைக் கொண்டுபோனது. எந்த நேரத்தில் போவது, எத்தனை பேர் போவது, சீருடையா சாதாரண உடையா, முதலில் தொலைபேசியில் பேசி வெளியே வரச்சொல்லலாமா, கூடவே மனநலப் பணியாளர் வேண்டுமா, உறவினர் ஒருவரிடம் துப்பாக்கியை முன்கூட்டியே எடுத்து வைக்கச் சொல்ல முடியுமா என்று யோசிக்க வைப்பதே இந்தப் பாடத்தின் சாரம். ‘உங்களைக் கைது செய்ய வரவில்லை, உங்கள் மேல் குற்றச்சாட்டு எதுவும் இல்லை’ என்ற வாக்கியம் எவ்வளவு சீக்கிரம் சொல்லப்படுகிறதோ அவ்வளவு நல்லது.

தற்கொலை இந்தச் சட்டங்களின் மையத்தில் இருக்கிறது. கூட்டக் கொலைகள் செய்தியாவதால் அது கண்ணில் படுவதில்லை. அமெரிக்காவில் துப்பாக்கியால் நிகழும் மரணங்களில் பாதிக்கு மேல் தற்கொலைகள். 2022இல் சுமார் 27,000 பேர் இப்படி இறந்தார்கள். மாத்திரை விழுங்கியவர்களில் பெரும்பாலோர் பிழைத்துக்கொள்கிறார்கள். துப்பாக்கியைத் தன்மேல் திருப்பியவர்களில் பத்துக்கு எட்டொன்பது பேர் பிழைப்பதில்லை. நெருக்கடியான அந்தச் சில நாட்கள் கையில் துப்பாக்கி இல்லாமலிருந்தாலே பலர் பிழைப்பார்கள். கனெக்டிகட்டில் 1999 முதல் 2013 வரை நடந்த 762 பறிமுதல்களை ஆராய்ந்த டியூக் பல்கலைக்கழகத்தின் ஜெஃப்ரி ஸ்வான்சன் குழு, பத்து முதல் இருபது பறிமுதலுக்கு ஒரு தற்கொலை தடுக்கப்பட்டிருக்கிறது என்று மதிப்பிட்டது. மருத்துவத்தில் பல சிகிச்சைகளுக்கு இவ்வளவு பலன் கிடையாது.

அப்படியானால் மருத்துவமனையும் பயிற்சி பெற வேண்டிய இடம். கனெக்டிகட், கொலராடோ, மேரிலாண்ட் போன்ற மாநிலங்களில் மருத்துவரோ மனநல ஆலோசகரோ மனுக் கொடுக்கலாம். மேரிலாண்டில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆய்வாளர்கள் கேட்டபோது, மருத்துவர்களில் பெரும்பாலோர் அந்தச் சட்டத்தை அறிந்திருக்கவில்லை. விளக்கியபோது தேவைப்பட்டால் பயன்படுத்துவோம் என்றார்கள். படிவம் நிரப்பவும் நீதிமன்றம் போகவும் நேரமில்லை என்பதே பெரிய தடையாக இருந்தது. இந்த வேலைக்கென்றே ஓர் ஒருங்கிணைப்பாளர் இருக்கும் மருத்துவமனையில் அந்தத் தடை விலகுகிறது. அவசர அழைப்பு எண் 911இல் அமர்ந்திருப்பவர், ‘வீட்டில் துப்பாக்கி இருக்கிறதா’ என்று கேட்கப் பழக வேண்டும். பள்ளி ஆலோசகர் யாரிடம் சொல்வது என்று தெரிந்திருக்க வேண்டும். நீதிமன்ற எழுத்தர், கலங்கிய முகத்தோடு வந்து நிற்கும் தந்தைக்குச் சரியான படிவத்தை எடுத்துக் கொடுக்க வேண்டும். கலிஃபோர்னியா 2020 முதல் முதலாளிகளுக்கும் உடன் பணிபுரிவோருக்கும் ஆசிரியர்களுக்கும் மனு உரிமை தந்திருக்கிறது. உரிமை இருப்பது தெரியாதவருக்கு அதனால் என்ன பயன்?

எதிர்ப்பும் உரிமையும்

துப்பாக்கி வைத்திருப்பது அமெரிக்காவில் அரசியல் சாசன உரிமை. விசாரணைக்கு முன்பே ஓர் உரிமையைப் பறிக்கலாமா என்ற கேள்வி துப்பாக்கிச் சங்கங்கள் மட்டும் எழுப்புவதல்ல. ரோட் ஐலண்டில் குடிமை உரிமை இயக்கத்தவர்களும் எழுப்பினார்கள். போலீசாரைக் கண்டு அஞ்சப் பழகிய கறுப்பினக் குடும்பங்கள், மகனைக் காப்பாற்ற அழைத்தால் மகனையே இழந்துவிடுவோமோ என்று தயங்குவதும் நியாயமான அச்சம். பொய் மனுவைத் தண்டனைக்குரியதாக்கியும் விசாரணைக்குக் கெடு வைத்தும் சட்டங்கள் இதற்கு ஈடு செய்கின்றன. 2024 ஜூனில் உச்ச நீதிமன்றம் ரஹிமி வழக்கில், பிறர் உடலுக்கு ஆபத்து விளைவிப்பார் என்று நீதிமன்றம் கண்டறிந்தவரிடமிருந்து துப்பாக்கியைத் தற்காலிகமாக விலக்கி வைக்கலாம் என்று எட்டுக்கு ஒன்று என்ற கணக்கில் தீர்ப்பளித்தது. அது குடும்ப வன்முறை ஆணைகளைப் பற்றிய வழக்கு என்றாலும் சிவப்புக் கொடிச் சட்டங்களுக்கும் அதனால் வலுக் கூடியது.

எதிர்ப்பு ஷெரீப் அலுவலகத்துக்குள்ளேயே இருந்தால் பயிற்சி எடுபடாது. கொலராடோ 2019இல் இயற்றிய சட்டத்துக்கு, பணியில் கொல்லப்பட்ட டக்ளஸ் கவுன்டிக் காவலர் ஜாக்கரி பாரிஷின் பெயர் வைக்கப்பட்டது. அவருடைய ஷெரீப் டோனி ஸ்பர்லாக் அதற்காக முன்னின்று பேசினார். வெல்ட் கவுன்டி ஷெரீப்போ, சிறைக்குப் போனாலும் போவேன், இதை நிறைவேற்ற மாட்டேன் என்றார். எல் பாசோ கவுன்டி தன்னைத் துப்பாக்கி உரிமைப் பாதுகாப்புப் பகுதியாகவே அறிவித்துக்கொண்டது. 2021இல் அங்கே வெடிகுண்டு மிரட்டலுக்காகக் கைதான ஒருவர்மீது தடை ஆணை கோரப்படவில்லை. 2022 நவம்பரில் அவர் கொலராடோ ஸ்பிரிங்ஸின் கிளப் கியூ இரவு விடுதியில் ஐந்து பேரைக் கொன்றார். அடுத்த ஆண்டு கொலராடோ மனு உரிமையை அரசு வழக்கறிஞர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் மருத்துவர்களுக்கும் விரித்தது.

2022 ஜூனில் அதிபர் பைடன் கையெழுத்திட்ட சட்டம், இத்தகைய திட்டங்கள் உட்பட மாநிலங்களின் நெருக்கடித் தலையீட்டுப் பணிகளுக்கு ஐந்தாண்டுகளில் 75 கோடி டாலர் ஒதுக்கியது. 2024 மார்ச்சில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து ஒரு தேசியப் பயிற்சி மையத்தையும் நீதித்துறை அறிவித்தது.

அதற்கு முந்தைய ஆண்டில்தான் மெய்ன் மாநிலத்தின் லூயிஸ்டனில் 18 பேர் கொல்லப்பட்டிருந்தார்கள். அங்கே இருந்தது ‘மஞ்சள் கொடிச் சட்டம்’. முதலில் போலீசார் ஆளைப் பாதுகாப்புக் காவலில் எடுக்க வேண்டும், பிறகு மருத்துவர் பரிசோதிக்க வேண்டும், அதன் பிறகே நீதிபதி. சுட்டவரின் நிலை பற்றிக் குடும்பத்தினர் மாதக்கணக்கில் முன்பே சொல்லியிருந்தார்கள், அவர் பணியாற்றிய ராணுவ ரிசர்வ் பிரிவும் எச்சரித்திருந்தது. வீட்டுக்குப் போன காவலர்களுக்கு அவர் கதவைத் திறக்கவில்லை. சட்டத்தைத் தொடங்கப் போதிய முகாந்திரம் ஷெரீப் அலுவலகத்திடம் இருந்தது என்று விசாரணை ஆணையம் பின்னர் முடிவு செய்தது. அதற்குப் பிறகு அதே மஞ்சள் கொடிச் சட்டத்தை மெய்ன் போலீசார் நூற்றுக்கணக்கான முறை பயன்படுத்தினார்கள். மருத்துவப் பரிசோதனையைக் காணொலி வழியே நடத்தும் ஏற்பாடு பெரிய உதவியாக இருந்தது. 2025 நவம்பரில், குடும்பத்தினர் நேரடியாக நீதிமன்றம் போகும் முழுமையான சிவப்புக் கொடிச் சட்டத்துக்கு மெய்ன் மக்கள் வாக்களித்தார்கள். அங்கே இனி போலீசாரோடு நீதிமன்ற ஊழியர்களும் இந்த மனுக்களைக் கையாளக் கற்க வேண்டும்.

ஆணை கிடைத்த பிறகும் வேலை இருக்கிறது. வாங்கிய துப்பாக்கிகளுக்கு வரிசை எண்ணோடு ரசீது கொடுப்பது, அவற்றைக் கெடாமல் வைத்திருக்க இடம் காண்பது, ஆணையைப் பின்னணிச் சோதனைத் தரவில் அன்றே ஏற்றுவது, காலக்கெடு முடியும் முன் நிலைமையை மறுபடி பார்த்துத் தேவையானால் நீட்டிக்கக் கோருவது, தேவையில்லை என்றால் தாமதமின்றித் திருப்பிக் கொடுப்பது. பல மாநிலங்களில் திரும்ப வாங்க வருபவரும் ஒரு பின்னணிச் சோதனையைக் கடந்தாக வேண்டும். பல காவல்துறைகளில் இந்தக் கடைசிப் பகுதிக்கு எழுதிவைத்த நடைமுறை இன்னும் இல்லை. முதல் ஆணைகளின் ஓராண்டு முடியும்போதுதான் அதை எழுத உட்காருகிறார்கள்.